ஒரு தட்டு தட்டிவிட்டுச் சும்மா இருப்போம்: சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாடம் எதைப் பற்றியது?

மூன்றாம் செமஸ்டர் லேப் வைவா. எக்ஸ்டர்னலாக வந்தவர் ரெக்கார்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "கன்வல்யூஷன்னா என்னப்பா?" நான் உடனே ஒரு தாளை இழுத்து இன்டெக்ரல் குறி போட்டேன். மைனஸ் முடிவிலியில் தொடங்கி பிளஸ் முடிவிலி வரை அழகாக எழுதிக் காட்டினேன். "எழுதச் சொல்லல. என்னன்னு சொல்லு" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நல்ல மனிதர், மார்க் போட்டு அனுப்பிவிட்டார். லாப்லாஸ் அட்டவணையையும் ஃபூரியே அட்டவணையையும் மனப்பாடம் செய்து தாளிலும் பாஸ் ஆனேன்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது பல வருடங்கள் கழித்து, ஒரு மருந்துச் சீட்டில். அப்பாவுக்கு நெஞ்சுச் சளி முற்றி, டாக்டர் டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்திருந்தார். 100 மில்லிகிராம் மாத்திரை. முதல் நாள் இரண்டு, மறுநாளிலிருந்து தினம் ஒன்று. "மொத நாள் மட்டும் எதுக்குடா ரெண்டு?" என்று அப்பா கேட்டார். ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் எண்களைப் போட்டு விளக்க ஆரம்பித்தேன். பாதி வழியில்தான் உறைத்தது, நான் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது கன்வல்யூஷன்.

எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிக்கல், பயோமெடிக்கல் என்று எதில் சேர்ந்தாலும் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் இந்தப் பாடம் வரும். பெயர் கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். மெக்கானிக்கல் மாணவர்களுக்கு இதே கணிதம் கன்ட்ரோல், வைப்ரேஷன் என்று வேறு வேஷத்தில் வரும். அந்தக் கவரில் எழுதியதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நேற்றை மறக்காத சிஸ்டம்

சிக்னல் என்றால் நேரத்தோடு மாறும் ஓர் எண், அவ்வளவுதான். மைக்கில் விழும் குரல், ஈசிஜி தாளில் ஓடும் கோடு, மேட்டூர் அணையின் தினசரி நீர்மட்டம், எல்லாமே சிக்னல். ஒரு சிக்னலை வாங்கிக்கொண்டு இன்னொரு சிக்னலைத் தருவது சிஸ்டம். அணைக்கு நீர்வரத்து உள்ளே போகிறது, நீர்மட்டம் வெளியே வருகிறது. அப்பாவுக்கு மாத்திரை உள்ளே போகிறது, உடம்பில் இருக்கும் மருந்தின் அளவு வெளியே வருகிறது.

சில சிஸ்டங்களுக்கு முன்னால் வகுப்பில் சேர்க்கும் டைனமிக் என்ற அடைமொழிக்கு நினைவு உள்ளது என்று பொருள் வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சைப் போட்டால் பல்பு எரியும். நேற்று போட்டாயா என்று அது கேட்பதில்லை. ஆனால் இன்றைய நீர்வரத்தை மட்டும் வைத்துக்கொண்டு அணையில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல முடியுமா? நேற்று எவ்வளவு இருந்தது என்பதும் வேண்டும்.

இங்கே ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. எத்தனை எண்களைக் குறித்துவைத்துக்கொண்டால் பழைய கதை முழுவதையும் மறந்துவிடலாம்? அணைக்கு ஒன்று போதும், இப்போதைய நீர்மட்டம். ஊஞ்சலுக்கு ஒன்று போதாது. அசையாமல் நிற்கும் ஊஞ்சலையும், வீசி ஆடி நடுவைக் கடக்கும் ஊஞ்சலையும் போட்டோ எடுத்துப் பாருங்கள், இரண்டு படமும் ஒன்றுபோலவே இருக்கும். அடுத்த நொடியில் நடக்கப்போவது வேறு வேறு. எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் எந்தப் பக்கம் போகிறது என்று இரண்டு எண்கள் தெரிந்தாக வேண்டும். ஃபர்ஸ்ட் ஆர்டர், செகண்ட் ஆர்டர் என்று வகுப்பில் சொல்வது இந்த எண்ணிக்கையைத்தான். எனக்கு யாராவது முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கவரின் பின்பக்கக் கணக்கு

டாக்ஸிசைக்ளின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 18 முதல் 22 மணி நேரம் ஆகும். கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு நாள் என்றே வைத்துக்கொள்வோம். மாத்திரை கரைந்து ரத்தத்தில் ஏற ஆகும் நேரத்தையும் விட்டுவிடுவோம். (கணிதத்துக்காகத்தான் சொல்கிறேன். மாத்திரையை டாக்டர் சொன்னபடி போடுங்கள்.)

ஒரே ஒரு மாத்திரை போட்டுவிட்டு நிறுத்திவிட்டால் உடம்பில் இருக்கும் மருந்து நாளுக்கு நாள் 100, 50, 25, 12.5 என்று இறங்கும். ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு, சும்மா இருந்து, என்ன நடக்கிறது என்று பார்க்கிறோம். தட்டுக்கு இம்பல்ஸ் என்று பெயர், அதற்கு வந்த இந்த வரிசைக்கு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயர்.

இப்போது தினம் ஒன்று போடுவோம். முதல் நாள் 100. இரண்டாம் நாள் பழையதில் மீதி 50, புதியது 100, ஆக 150. மூன்றாம் நாள் 175. அப்புறம் 187.5. இப்படியே 200-ஐ நெருங்கிக்கொண்டே போகும், தாண்டாது. ஒன்று, அரை, கால், அரைக்கால் என்று கூட்டிக்கொண்டே போனால் இரண்டில் முடியும் என்று பள்ளியில் படித்த பெருக்குத் தொடர்தான் இது.

மருந்து வேலை செய்ய 200-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் மூன்று நான்கு நாள் காத்திருக்க வேண்டியதாகிறது. முதல் நாளே இரண்டு போட்டால்? முதல் நாள் 200. மறுநாள் மீதி 100, புதியது 100, மறுபடி 200. அதற்கடுத்த நாளும் 200. ஏறுவதற்குக் காத்திருக்காமல் நேராக உச்சியிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறது. அப்பாவின் கேள்விக்குப் பதில் இதுதான்.

அப்புறம் அப்பா ஒரு நாள் மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் இரண்டு என்பதை இங்கே விட்டுவிடுவோம்: முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் ஒன்று, மூன்றாம் நாள் இல்லை, நான்காம் நாள் ஒன்று. நான்காம் நாள் உடம்பில் எவ்வளவு? ஒவ்வொரு மாத்திரையையும் தனியாகப் பாருங்கள். இன்று போட்டதில் 100 முழுதாக இருக்கிறது. நேற்று போடவில்லை, அதனால் பூஜ்யம். முந்தாநாள் போட்டதில் 25 மிச்சம். முதல் நாள் போட்டதில் 12.5 மிச்சம். கூட்டினால் 137.5.

முடிந்தது. இதுதான் கன்வல்யூஷன். ஒவ்வொரு மாத்திரையும் எப்போது போனது, அதற்குப்பின் எத்தனை நாள் ஆகிவிட்டது, அந்த வயதில் ஒரு மாத்திரையில் எவ்வளவு மிச்சம் இருக்கும், எல்லாவற்றையும் கூட்டு. புத்தகத்தில் ஒரு சிக்னலைத் திருப்பிப் போட்டு, நகர்த்தி, பெருக்கி, கூட்டச் சொல்வார்கள். ஏன் திருப்ப வேண்டும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. காரணம் கண்ணெதிரே இருக்கிறது: பழைய மாத்திரைக்கு வயது அதிகம். காலண்டரில் பின்னோக்கிப் போகப்போக, இம்பல்ஸ் ரெஸ்பான்ஸில் முன்னோக்கிப் போகிறோம். அதனால்தான் ஒன்றைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. இன்டெக்ரல் என்பது நாள் கணக்கை விட்டுவிட்டு நொடிக்கும் குறைந்த துண்டுகளில் இதே கூட்டலைச் செய்வது.

இந்தக் கணக்கு செல்லுபடியாக இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரண்டு மாத்திரை போட்டால் எல்லா நாளும் சரியாக இரண்டு மடங்காக இருக்க வேண்டும், இரண்டு மாத்திரைகளின் கணக்கும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே ஓட வேண்டும். இது லீனியர். திங்கட்கிழமை போட்டாலும் வியாழக்கிழமை போட்டாலும் இறங்கும் விதம் ஒன்றாகவே இருக்க வேண்டும். இது டைம் இன்வேரியன்ட். எல்லாமே இதற்கு அடங்கிவிடாது. மதுவை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு அதைப் பாதி பாதியாகக் கழிப்பதில்லை. மணிக்கு இவ்வளவுதான் என்று ஏறக்குறைய ஒரே அளவில்தான் கழிக்கிறது. இரட்டிப்பாகக் குடித்தவருக்கு வளைகோடு இரட்டிப்பு உயரமாக இருப்பதோடு நிற்காது, இறங்கி முடிய ஆகும் நேரமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அங்கே கன்வல்யூஷன் செல்லாது.

ஓர் எண்ணில் ஜாதகம்

மாத்திரைக் கணக்கை ஒரே வரியில் எழுதிவிடலாம்: இன்றைய அளவு = நேற்றைய அளவு × 0.5 + இன்று போட்டது. இந்தச் சிஸ்டத்தின் ஜாதகம் முழுவதும் 0.5 என்ற எண்ணில் இருக்கிறது. வகுப்பில் இதை 'போல்' என்பார்கள். தமிழ் வாக்கியத்துக்குள் அந்தச் சொல் புகுந்தால் படிப்பவர் தடுமாறிப்போவார் என்பதால் துருவம் என்றே சொல்கிறேன்.

அந்த இடத்தில் 1 போட்டால் உண்டியல். போட்டது போட்டபடி இருக்கும், எதுவும் கரையாது. 1.1 போட்டால் வாரம் 10 சதவீதக் கந்து வட்டி. 1000 ரூபாய் வாங்கிவிட்டு ஒரு பைசாவும் கட்டாமல் இருந்தால் 52 வாரத்தில் ஏறத்தாழ 1 லட்சத்து 42 ஆயிரம். ஒரே ஒரு தட்டுத்தான் தட்டினீர்கள், அது தானாகவே ஊதிப் பெருகுகிறது. ஒன்றுக்குக் கீழே இருந்தால் அடங்கும், மேலே போனால் வெடிக்கும். ஸ்டெபிலிட்டி என்று செமஸ்டர் முழுக்க நடத்துவதன் அடிவேர் இந்த ஒரு வரிதான்.

மைனஸ் எண் வந்தால்? குளியலறையில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். திருகினால் உடனே தெரியாது, சில நொடிகள் கழித்துத்தான் சூடு மாறும். தண்ணீர் 5 டிகிரி குறைவாக வருகிறது. பொறுமையில்லாமல் 7.5 டிகிரிக்குத் திருகுகிறீர்கள், 2.5 டிகிரி அதிகமாகிறது. மறுபடி தேவையைவிட ஒன்றரை மடங்கு திருப்புகிறீர்கள், 1.25 டிகிரி குறைகிறது. சூடும் குளிருமாக மாறி மாறி அடித்தாலும் கடைசியில் அடங்கிவிடும். துருவம் மைனஸ் 0.5. இன்னும் அவசரக்காரர் 5 டிகிரி குறைவுக்கு 11 டிகிரி திருப்புகிறார். 6 டிகிரி அதிகம். அதே வேகத்தில் திருப்பினால் அடுத்து 7.2 டிகிரி குறைவு. துருவம் மைனஸ் 1.2. இவர் குளித்து முடிக்கப்போவதில்லை. குழாயும் பழுதில்லை, வெந்நீரும் பழுதில்லை. திருத்துகிறேன் என்று செய்த அளவுமீறிய திருத்தம்தான் கெடுத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நீராவி எஞ்சின்களுக்கு இதே நோய் இருந்தது. எஞ்சினின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்க ஜேம்ஸ் வாட் இரண்டு இரும்புக் குண்டுகள் சுழலும் கவர்னர் என்ற பொறியைப் பொருத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விரியும், நீராவி குறையும். வேகம் குறைந்தால் நேர்மாறு. யோசனை அருமையானதுதான். ஆனால் சில எஞ்சின்கள் நிலைக்கு வராமல் வேகமும் மந்தமுமாக ஊசலாடிக்கொண்டே இருந்தன. 1868-இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இதைக் கணிதமாக எடுத்துக்கொண்டார். மின்காந்தத்துக்குப் பெயர் போன அதே மேக்ஸ்வெல்தான். எஞ்சினின் சமன்பாட்டுக்கு மூலங்கள், அதாவது நம் துருவங்கள், எங்கே விழுகின்றன என்று பார்த்தால் எஞ்சின் அடங்குமா ஆடுமா என்று சொல்லிவிடலாம் என்று காட்டினார். சிக்கலான எஞ்சின்களுக்குப் பொதுவான விதி அவருக்குப் பிடிபடவில்லை. 1877-இல் அதைக் கொடுத்தவர் எட்வர்ட் ரௌத். 1854 கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் ரௌத் முதலிடம், மேக்ஸ்வெல் இரண்டாமிடம் என்பது ஒரு கொசுறுச் செய்தி. கன்ட்ரோல் சிஸ்டம் தாளில் கண்ணை மூடிக்கொண்டு மார்க் வாங்கித் தரும் ரௌத் அட்டவணை இவருடையது.

சுற்றும் எண்

இதுவரை நேர்கோட்டில் இருக்கும் எண்களைப் பார்த்தோம். ஊஞ்சலுக்கு இவை போதாது. ஊஞ்சல் ஒவ்வொரு கணமும் கூட்டல் கழித்தல் என்று தாவுவதில்லை, வழுவழுவென்று போய்த் திரும்புகிறது. அதற்குத்தான் பிளஸ் டூவில் படித்த கலப்பெண்கள். "மைனஸ் ஒன்றுக்கு வர்க்கமூலம் கண்டுபிடிச்சு என்ன கிழிக்கப்போறோம்?" என்று அன்று கேட்காதவர் யார்?

கலப்பெண்ணால் பெருக்கினால் திரும்பும், அதுதான் விஷயம். மைனஸ் 1-ஆல் பெருக்கினால் எண் கோட்டில் நேர் எதிர்ப்பக்கம் திரும்புகிறோம், 180 டிகிரி. எந்த எண்ணால் இரண்டு முறை பெருக்கினால் மைனஸ் 1 வருமோ, அதனால் ஒரு முறை பெருக்கினால் 90 டிகிரி திரும்புவோம். கணக்கு வகுப்பில் அதற்கு 'ஐ' என்று பெயர். எலக்ட்ரிக்கல்காரர்களுக்கு ஐ என்றால் கரன்ட், அதனால் அவர்களுக்கு அது 'ஜே'.

திருவிழாவில் மேலும் கீழுமாகச் சுற்றும் ராட்டினத்தை உச்சி வெயிலில் நினைத்துப் பாருங்கள். பெட்டி வட்டமாகச் சுற்றுகிறது. தரையில் விழும் அதன் நிழல் முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. கலப்பெண் துருவம் என்பது ராட்டினம், நாம் அளக்கும் சிக்னல் அதன் நிழல். ஒவ்வொரு அடிக்கும் ராட்டினம் கொஞ்சம் திரும்புகிறது, அதோடு ஆரமும் கொஞ்சம் சுருங்குகிறது. எவ்வளவு திரும்புகிறது என்பது ஆட்டத்தின் வேகம். எவ்வளவு சுருங்குகிறது என்பது எத்தனை சீக்கிரம் அடங்கும் என்பது. ஆரம் சுருங்காமல் விரிந்தால் ஆட்டம் வளரும். துருவத்தைத் தாளில் ஒரு புள்ளியாகக் குறித்தால், நாள் கணக்காக, அடி அடியாக எண்ணும்போது ஆபத்தின் எல்லை ஆரம் 1 உள்ள வட்டம், இது இஸட் தளம். நேரம் இடைவிடாமல் ஓடும்போது எல்லை நடுவில் நிற்கும் செங்குத்துக் கோடு, இடப்பக்கம் பத்திரம், வலப்பக்கம் ஆபத்து. இது எஸ் தளம். இரண்டு படங்களும் சொல்வது ஒரே கதை.

இந்த எல்லையை ஓர் ஊரே தாண்டியதை லண்டன்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். தேம்ஸ் ஆற்றின் மேல் பாதசாரிகளுக்காகக் கட்டிய மில்லேனியம் பாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டது. கூட்டம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது, இரண்டே நாளில் மூடிவிட்டார்கள். யாரும் அணிவகுத்து நடக்கவில்லை. பாலம் லேசாக இடப்பக்கம் சாய்ந்தால் விழாமலிருக்க நம் கால்கள் தானாகவே கொஞ்சம் அகலித்து ஊன்றும். அந்த ஊன்றல் பாலத்தை அது போகும் திசையிலேயே இன்னும் தள்ளும். ஒவ்வொரு ஆளும் பாலத்தின் அடங்கும் குணத்தில் ஒரு சிட்டிகையைத் திருடுகிறார். ஓர் எண்ணிக்கை வரை வெளியே ஒன்றும் தெரியாது. அதற்குமேல் இன்னும் சிலர் ஏறியதும் துருவம் கோட்டைத் தாண்டிவிடுகிறது, ஆட்டம் சட்டென்று வளர்கிறது. ஏறத்தாழ 90 அதிர்வுத் தணிப்பான்களைப் பொருத்தி, 2002-இல் மறுபடி திறந்தார்கள். பாலத்தின் பலத்தைக் கூட்டவில்லை, துருவத்தை இடப்பக்கம் தள்ளிவைத்தார்கள். எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த உதாரணம் இதுதான். 1940-இல் அமெரிக்காவில் இடிந்த டக்கோமா பாலத்தை ரெசனன்ஸ் (வெளியிலிருந்து தட்டும் தாளம் பாலத்தின் சொந்த ஆட்டத்தோடு ஒத்துப்போவது) என்று சொல்லி வகுப்பில் வீடியோ போடுவார்கள். அதுவும் காற்று வெறுமனே தாளம் தட்டியதால் வந்ததல்ல. பாலத்தின் முறுக்கலே காற்றிலிருந்து சக்தியை உறிஞ்சிக்கொண்டு வளர்ந்தது. மில்லேனியம் பாலத்துக்குத்தான் அது நெருங்கிய சொந்தம்.

ஏன் எங்கே பார்த்தாலும் சைன் அலை?

ஒரு லீனியர், டைம் இன்வேரியன்ட் சிஸ்டத்துக்குள் எந்த வடிவத்தை அனுப்பினாலும் பொதுவாக அது உருமாறித்தான் வெளியே வரும். சைன் அலை மட்டும் அதே வேகத்தில் சைன் அலையாகவே வரும். உயரம் மாறலாம், கொஞ்சம் தாமதமாகலாம், அவ்வளவுதான். எல்லா சிக்னலையும் சைன் அலைகளாகப் பிரித்துவிட்டால், ஒவ்வொன்றுக்கும் உயரம் எவ்வளவு மாறுகிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.

மாத்திரையிலேயே சோதிக்கலாம். அப்பா ஒழுங்கில்லாமல் ஒரு நாள் 150, மறுநாள் 50 என்று மாற்றி மாற்றிப் போடுகிறார். சராசரி 100, அதற்கு மேலும் கீழும் 50 என்ற ஆட்டம். சில நாளில் உடம்பில் 233, 167, 233, 167 என்று நிலைத்துவிடும். சராசரி 100 இருமடங்காகி 200 ஆனது. ஆனால் 50 என்ற ஆட்டம் 33 ஆகச் சுருங்கிவிட்டது. மெதுவானதைப் பெருக்கிக் காட்டுகிறது, வேகமானதை அமுக்கிவிடுகிறது. லோ பாஸ் ஃபில்டர் என்று லேபில் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் வைத்துச் செய்தது இதைத்தான். ஈசிஜி கோட்டில் நம் ஊர்க் கரன்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறிக்கொள்ளும்போது, அந்த ஒரு வேகத்தை மட்டும் குறிவைத்து அமுக்கும் ஃபில்டரைப் போடுவதும் இதே யோசனைதான்.

எந்த வடிவத்தையும் சைன் அலைகளால் கட்டலாம் என்று ஜோசப் ஃபூரியே 1807-இல் பாரிஸில் சொன்னபோது அவர் யோசித்துக்கொண்டிருந்தது வெப்பம் பரவுவதைப் பற்றி. பெரிய கணித மேதையான லக்ராஞ்ச் ஒத்துக்கொள்ளவில்லை. மூலை முடுக்குள்ள வடிவத்தை வழுவழு அலைகளால் எப்படிக் கட்டுவது என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஃபூரியேயின் நூல் 1822-இல் வந்தது. எந்தப் பொருளில் அவர் சொன்னது சரி என்று தெளிவாக்க அதற்குப் பிறகும் கணிதக்காரர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

சைன் அலைகளைக் காதால் கேட்க வேண்டுமா? மிருதங்கத்தை ஒரு தட்டு தட்டுங்கள். விரல் பட்டது இம்பல்ஸ், கேட்கும் நாதம் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் எழும் அலைகளின் வேகங்கள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும். அதனால் சுருதி தெளிவாகக் கேட்காது, பொத்தென்ற சத்தம்தான். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே ஏற்றும் கறுப்புப் பூச்சு அந்த வேகங்களை இழுத்து 1, 2, 3, 4, 5 என்ற வரிசைக்கு அருகே கொண்டுவந்து நிறுத்துகிறது. இதை அளந்து 1920-இல் நேச்சர் இதழில் சக ஆய்வாளர் ஒருவரோடு எழுதியவர் திருச்சிக்காரர் சி.வி. ராமன். நம் மொழியில் சொன்னால், அந்த வாத்தியத்தைக் கட்டியவர்கள் துருவங்களை வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறார்கள். கணிதமே இல்லாமல், காதை மட்டும் நம்பி.

மிச்சமிருக்கும் அட்டவணைகள்

லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம்தான் மாணவர்களைப் பயமுறுத்துவது. பயப்பட ஒன்றுமில்லை. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் பெரிய பெருக்கலுக்கு லாகரிதம் அட்டவணையைப் புரட்டுவார்கள். இரண்டு எண்களையும் லாக் ஆக்கி, கூட்டி, திரும்ப மாற்றினால் விடை. அங்கே பெருக்கல் கூட்டலானது. இங்கே கன்வல்யூஷன் பெருக்கலாகிறது, வகைக்கெழு 'எஸ்' என்ற எழுத்தால் பெருக்குவதாகிறது. வகைக்கெழுச் சமன்பாடு பத்தாம் வகுப்பு இயற்கணிதமாக இறங்கிவிடுகிறது. ஃபூரியே அடங்காத, வளராத சைன் அலைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். லாப்லாஸில் அடங்குபவையும் வளர்பவையும் சேர்த்தி. நாள் கணக்காக எண்ணும் சிக்னலுக்கு இஸட் டிரான்ஸ்ஃபார்ம். மூன்று பெயர், ஒரு வேலை.

சாம்ப்ளிங், அதாவது ஓடும் சிக்னலை விட்டு விட்டு அளந்து எண்களாக்குவது, பற்றி இரண்டு வார்த்தை. ஒரு சிக்னலில் இருக்கும் அதிவேக ஆட்டத்தைப்போல் இருமடங்குக்கு மேல் வேகமாக அளந்தால் எதுவும் தொலையாது. காது கேட்பது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதனால் இசைத் தட்டான சிடியில் நொடிக்கு 44,100 முறை. பேச்சு புரிந்தால் போதும் என்ற டெலிபோனில் 8,000 முறை. குறைவாக அளந்தால் ஏமாறுவோம். சினிமாவில் ஓடும் வண்டியின் சக்கரம் பின்னால் சுற்றுவதுபோல் தெரிவது அந்த ஏமாற்றம்தான். சிக்னலைச் சைன் அலைகளாகப் பிரிக்க 1965-இல் ஜேம்ஸ் கூலியும் ஜான் டியூக்கியும் வெளியிட்ட எஃப்எஃப்டி என்ற வேகமான கணக்கு முறையால் 1,024 புள்ளிகளுக்குத் தேவையான பத்து லட்சம் பெருக்கல் ஏறத்தாழ பத்தாயிரத்துக்கு இறங்கியது. உங்கள் போனில் இப்போது ஓடுவது அதன் வாரிசுகள்.

படிக்கப் போகிறவர்களுக்கு என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. முதல் வாரமே சிக்னல்களின் வகைகள் என்று பத்துப் பெயர்கள், அப்புறம் அட்டவணைகள், கடைசியில் நேரமிருந்தால் எதற்கு என்று ஒரு வார்த்தை. தேர்வுக்கு அட்டவணை வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் எக்ஸெலைத் திறந்து உட்காருங்கள். முதல் கட்டத்தில் 1, அதுதான் தட்டு. அதற்குமேல் உள்ள கட்டங்கள் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதுக் கட்டத்துக்கும் இந்த விதியைக் கொடுங்கள்: நேற்றையது × 1.6 − முந்தாநாளையது × 0.8. இரண்டு நாள் நினைவு, ஆகவே செகண்ட் ஆர்டர். 1, 1.6, 1.76, 1.54, 1.05, 0.45, பிறகு மைனஸ் 0.12 என்று ஓடும். ஐம்பது கட்டம் வரை இழுத்து கிராஃப் போட்டால் ஓர் ஊஞ்சல் ஆடி அடங்குவது தெரியும். 0.8-ஐ 1 ஆக்குங்கள், அடங்கவே அடங்காது. 1.02 ஆக்குங்கள், லண்டன் பாலத்தில் கூட்டம் ஏறிவிட்டது.